எவ்வளவு நாளாகும் என்பதைச் செய்கிறவர் சொல்லட்டும்

என் சித்தி மகளுக்குப் போன மாதம் ஸ்க்ரம் மாஸ்டர் பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள். சோழிங்கநல்லூரில் ஆபீஸ், 7 பேர் டீம், கிளையன்ட் அமெரிக்காவில். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தாள். “அக்கா, நாளைக்கு என்னோட முதல் ஸ்பிரிண்ட் பிளானிங். ஜிராவைத் திறந்து ஸ்கிரீன் ஷேர் பண்ணத் தெரியும். அதுக்கு மேல நான் என்னக்கா பண்ணணும்?” குரலில் பயம் தெரிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினேன்.

நான் டெஸ்டராக வேலைக்குச் சேர்ந்தவள். பிறகு ஸ்க்ரம் மாஸ்டர் ஆனேன். இப்போது நான்கு டீம்களுக்குப் பொறுப்பு. ஓ.எம்.ஆரில் 17 வருடம் ஓடிவிட்டது. அவளைப் போல முதல் தடவை அந்த நாற்காலியில் உட்காரப் போகிற தங்கச்சிகளும் தம்பிகளும் நிறையப் பேர் இருப்பீர்கள். அவளிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

இரண்டு பக்கம், ஒரு கோடு

கல்யாண வீட்டுச் சமையலை நினைத்துக்கொள். எத்தனை இலை விழும், என்ன மெனு, காலை டிபனா முகூர்த்தச் சாப்பாடா, எது குறையே இல்லாமல் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் சொல்ல வேண்டியவர் கல்யாண வீட்டுக்காரர். அதற்கு எத்தனை கிலோ அரிசி, எத்தனை ஆள், விடியற்காலை எத்தனை மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டும் என்று சொல்ல வேண்டியவர் சமையல் மாஸ்டர். வீட்டுக்காரர் வந்து “சாம்பாரைக் கால் மணி நேரத்துல இறக்கிடுங்க” என்றால் பருப்பு வேகாது. மாஸ்டர் தன்னிஷ்டத்துக்குப் பாயசத்தை விட்டுவிட்டு கேசரி கிளறினால் பந்தியில் வீட்டுக்காரர் தலைகுனிய வேண்டும்.

பிளானிங்கும் இதேதான். என்ன வேண்டும், எது முதலில் வேண்டும் என்பதை ப்ராடக்ட் ஓனர் சொல்வார். எவ்வளவு நாளாகும், எப்படிச் செய்வோம் என்பதை வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். ஒருவர் கோட்டுக்குள் இன்னொருவர் கால் வைக்கக் கூடாது. நான் கண்ட பிளானிங் சண்டைகளில் முக்கால்வாசி இந்தக் கோட்டைத் தாண்டியதால் வந்தவை.

இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. 1996-ல் கிறைஸ்லர் கார் கம்பெனியின் சம்பளக் கணக்கு சாஃப்ட்வேர் வேலைக்கு கென்ட் பெக் என்பவர் வந்து சேர்ந்தார். அங்கே பழகிய முறைகளைத்தான் அவர் 1999-ல் ‘எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்’ என்ற பெயரில் புத்தகமாக எழுதினார். திட்டமிடும் முறைக்கு அவர் வைத்த பெயர் ‘பிளானிங் கேம்’. விளையாட்டு என்றால் இரண்டு அணி உண்டு, விதி உண்டு. எதைச் செய்ய வேண்டும், எது முன்னே எது பின்னே, எந்தத் தேதியில் வெளியிட வேண்டும் என்பது பிசினஸ் அணியின் உரிமை. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு உழைப்பு, டெக்னிக்கலாக என்ன விளைவு, வேலையை எப்படிப் பிரித்துக்கொள்வது என்பது டெவலப்மென்ட் அணியின் உரிமை. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு ஊரில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கையை எழுதியபோது பெக்கும் அதில் இருந்தார். இன்று நாம் அஜைல் என்று சொல்லும் பல பழக்கங்களுக்கு வேர் அந்தச் சம்பளக் கணக்கு அறையில் இருக்கிறது.

கோட்டைத் தாண்டுகிற பேச்சு காதில் விழுந்ததுமே உனக்கு உறைக்க வேண்டும். “இது சின்ன வேலைதானே, ரெண்டு நாள்ல முடிஞ்சிடாதா?” என்று ப்ராடக்ட் ஓனர் கேட்டால் அது தாண்டல். “அந்த ரிப்போர்ட் போர், நான் முதல்ல இந்த மைக்ரேஷனை எடுத்துக்கறேன்” என்று டெவலப்பர் சொன்னால் அதுவும் தாண்டல். இரண்டையும் ஒரே குரலில், கோபமில்லாமல் நிறுத்து. ஒரு பக்கத்தை மட்டும் நிறுத்தினால் மற்ற பக்கம் உன்னை நம்பாது.

பி.ஓ. என்பவர் ஒருவர்தான்

ஸ்க்ரம் கைடை எழுதியவர்கள் கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும். கடைசியாக 2020 நவம்பரில் திருத்தினார்கள். மொத்தமே 13 பக்கம்தான், ஒருநாள் சாயங்காலம் உட்கார்ந்து படித்துவிடு. ப்ராடக்ட் ஓனர் என்பவர் ஒரு ஆள், கமிட்டி அல்ல என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது.

நம் ஊர் நிலைமை அப்படி இல்லை. பி.ஓ. நியூ ஜெர்சியில் இருப்பார். அவருக்கும் நமக்கும் நடுவில் ஒரு ஆன்சைட் லீட். இங்கே சென்னையில் பிசினஸ் அனலிஸ்ட் ஒருவர் பி.ஓ.வுக்குப் பதிலாக உட்காருவார், அவரை ‘ப்ராக்ஸி பி.ஓ.’ என்பார்கள். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்வார்கள். டீம் யார் பேச்சைக் கேட்கும்?

எனக்கு இதில் சூடு பட்டிருக்கிறது. ஒரு ப்ராஜெக்டில், படிவத்தில் ஒரு கட்டம் கட்டாயமா இல்லையா என்று பிளானிங்கில் கேட்டோம். இங்கிருந்த அனலிஸ்ட் “ஆப்ஷனல்தான்” என்றார். நல்ல மனுஷி, நாங்கள் காத்திருக்கக் கூடாதே என்றுதான் சொன்னார். டெமோவில் கிளையன்ட் “இது கட்டாயம், இது இல்லாமல் பின்னால் எதுவும் நகராது” என்றார். இரண்டு ஸ்டோரி திரும்பச் செய்தோம். அந்த வாரம் மூன்று பேர் சனிக்கிழமையும் வந்தார்கள். அந்த அனலிஸ்டைக் குறை சொல்லி என்ன பயன்? எதுவரை அவர் முடிவு சொல்லலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லவே இல்லையே.

அதனால் முதல் ஸ்பிரிண்டுக்கு முன்பே பி.ஓ.வுக்கு மெயில் போட்டு மூன்று விஷயம் கேட்டு வாங்கிவிடு. நீங்கள் கிடைக்காத நேரத்தில் ஸ்டோரி வரிசையை இங்கே மாற்றலாமா? அக்செப்டன்ஸ் க்ரைட்டீரியாவில் சந்தேகம் வந்தால் இங்கே இருப்பவர் சொல்வதே முடிவா? ஒரு ஸ்டோரியை ஸ்பிரிண்டிலிருந்து எடுத்துவிட அவருக்கு அதிகாரம் உண்டா? ‘ஆம்’, ‘இல்லை’ என்று பதில் வந்தால் போதும். அந்த மெயிலை டீம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்படி போட்டு வை.

மேனேஜரிடம் முன்கூட்டியே பேசு

ஸ்க்ரம் கைடில் மூன்றே பொறுப்பு: ப்ராடக்ட் ஓனர், ஸ்க்ரம் மாஸ்டர், டெவலப்பர்கள். டெஸ்டரும் அதில் டெவலப்பர்தான், வேலையைச் செய்து முடிக்கிற எல்லோரும் டெவலப்பர். டெலிவரி மேனேஜர் என்ற வார்த்தையே அதில் கிடையாது. ஆனால் நம் கம்பெனிகளில் அவர் இருக்கிறார், பிளானிங்கிலும் வந்து உட்காருவார். வராதீர்கள் என்று சொல்வது உன்னால் முடியாது, தேவையும் இல்லை. அவரிடம் டீமுக்கு வேண்டிய தகவல் இருக்கிறது. ரிலீஸ் ஃப்ரீஸ் எப்போது, பக்கத்து டீம் ஏ.பி.ஐ.யை எந்தத் தேதியில் தரும், யாருக்கு லீவ் சாங்ஷன் ஆகியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அதை முதல் பத்து நிமிடத்தில் சொல்லச் சொல். அதற்குப் பிறகு எண் எதுவும் அவர் வாயிலிருந்து வரக் கூடாது.

இதை மீட்டிங்கில் வைத்துச் சொல்லாதே, எல்லோர் முன்னாலும் அவரை நிறுத்தினது போல ஆகிவிடும். முந்தின நாள் டீ குடிக்கப் போகும்போது தனியாகச் சொல். நான் சொல்லும் விதம் இது: “நீங்க ஒரு நம்பர் சொன்னா பசங்க அதையே திருப்பிச் சொல்லிடுவாங்க. அவங்க மனசுல என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியாம போயிடும். எல்லாரும் கார்டு காட்டுற வரைக்கும் மட்டும் பொறுத்துக்கோங்க. அப்புறம் எவ்வளவு கேள்வி வேணும்னாலும் கேளுங்க.” இதுவரை இதற்கு மாட்டேன் என்ற மேனேஜரை நான் பார்த்ததில்லை. சிலர் மறந்துவிடுவார்கள். அப்போது மெல்ல ஞாபகப்படுத்தினால் போதும்.

ஆர்கிடெக்டுக்கும், அந்த ஸ்பிரிண்டில் வேலை செய்யப் போகாத சீனியர்களுக்கும் இதே விதிதான். விளக்கம் சொல்லலாம், ஆபத்தை எடுத்துச் சொல்லலாம். எஸ்டிமேட் கார்டு அவர்கள் கையில் இருக்கக் கூடாது.

இதில் உன் வேலை என்ன?

ஜிராவில் டைப் அடிப்பது உன் வேலை இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பெண் பிள்ளை ஸ்க்ரம் மாஸ்டர் ஆனால் மினிட்ஸ் எழுதுவது, கால் போடுவது, ஒவ்வொருவர் டாஸ்கையும் அப்டேட் செய்வது எல்லாம் தானாக அவள் தலையில் வந்து விழும். நீயும் உதவியாக இருக்கட்டுமே என்று ஏற்றுக்கொள்வாய். டைப் அடித்துக்கொண்டே இருந்தால் யார் முகம் சுருங்குகிறது, யார் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார் என்று எப்படிக் கவனிப்பாய்? ஸ்டோரி யாருடையதோ அவரே ஜிராவில் எழுதட்டும். உன் கண் ஆட்கள் மேல் இருக்கட்டும்.

நேரத்தைப் பார்ப்பதும், கோட்டைக் காப்பதும், பேசாதவரைப் பேச வைப்பதும் உன் பொறுப்பு. எஸ்டிமேட்டில் நீ ஓட்டுப் போடாதே. நீ டெவலப்பர் வேலையும் சேர்த்துப் பார்ப்பவள் என்றால் போடலாம். ஆனால் அப்போது கடைசியாகப் பேசு.

கார்டை ஏன் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், அவ்வளவு முக்கியம்.

1974-ல் ட்வெர்ஸ்கி, கானமன் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் ஒரு சோதனையைப் பற்றி எழுதினார்கள். ஆட்களின் முன்னால் எண்கள் எழுதிய ஒரு சக்கரத்தைச் சுற்றுவார்கள். அது 10-லோ 65-லோ மட்டும் நிற்கும்படி முன்பே செய்து வைத்திருந்தார்கள். பிறகு, ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சக்கரம் 10-ல் நின்றதைப் பார்த்தவர்களின் ஊகம் நடுவாக 25. 65-ல் நின்றதைப் பார்த்தவர்களின் ஊகம் 45. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருந்தும் முதலில் கண்ணில் பட்ட எண் மனதைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. ஒரு வெற்றுச் சக்கரத்துக்கே அந்த இழுப்பு என்றால், பத்து வருட அனுபவமுள்ள லீட் வாய் திறந்து “இது 3 பாயின்ட்” என்று சொன்னால், சேர்ந்து எட்டு மாதமான பெண் என்ன சொல்வாள்?

அந்த இழுப்பைத் தவிர்க்க உதவுவது பிளானிங் போக்கர் முறை; 2002-ல் ஜேம்ஸ் கிரென்னிங் என்பவர் அதைக் கொண்டுவந்தார். மைக் கோனின் 2005 புத்தகத்தால் அது உலகமெல்லாம் பரவியது. 1, 2, 3, 5, 8, 13, 20, 40, 100 என்று வேலையின் அளவைச் சொல்லும் பாயின்ட் எண்கள் எழுதிய கார்டுகள். ஸ்டோரியைப் பேசி முடித்ததும் ஒவ்வொருவரும் ஒரு கார்டைக் கவிழ்த்து வைத்துக்கொள்வார்கள். “காட்டுங்க” என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். மேலே போகப் போக எண்களுக்கு நடுவே இடைவெளி கூடுவது தெரிகிறதா? வேலை பெரிதாக ஆக நம் கணிப்பு மங்கலாகிறது. 20-ஆ 21-ஆ என்று சண்டை போடுவதில் அர்த்தமே இல்லை.

எங்கள் டீமில் நடந்ததைச் சொல்கிறேன். அப்போது எங்கள் கிளையன்ட் ஒரு இந்திய நிதி நிறுவனம். ஸ்டோரி ரொம்பச் சின்னது: ஓ.டி.பி. வரவில்லை என்றால் மறுபடி அனுப்ப ஒரு பட்டன், இரண்டாவது தடவை போகும் எஸ்.எம்.எஸ்.ஸில் கூடுதலாக ஒரு எச்சரிக்கை வரி. கார்டு காட்டினார்கள். 3, 3, 5, 3. ஒரு கார்டு மட்டும் 13. வைத்திருந்தவள் எங்கள் புது டெஸ்டர். திண்டிவனம் பக்கத்தில் தமிழ் மீடியம் பள்ளியில் படித்து வந்த பெண். மற்றவர்கள் கார்டைப் பார்த்ததும் தன் கார்டை மேசைக்குக் கீழே இறக்கப் பார்த்தாள். “ஏ.பி.ஐ. ரெடியா இருக்கு, பட்டன்தானே?” என்றார் லீட்.

“கார்டை இறக்காதேம்மா. நீதான் முதல்ல சொல்லணும்” என்றேன். இங்கிலீஷில் தொடங்கினாள், இரண்டு வார்த்தையில் நின்றாள். தமிழில் சொல்லச் சொன்னேன். கோர்வையாக வந்தது. “எஸ்.எம்.எஸ். வாசகத்தை நாம நினைச்ச மாதிரி மாத்த முடியாதுக்கா. டி.எல்.டி.யில டெம்ப்ளேட் ரிஜிஸ்டர் பண்ணி அப்ரூவல் வாங்கணும். வாங்காம ஒரு வரி கூடப் போட்டாலும் மெசேஜ் போகாது, ஆபரேட்டரே நிறுத்திடுவாங்க. போன ப்ராஜெக்ட்ல நான் அதைத்தான் டெஸ்ட் பண்ணேன்.”

அறையில் யாரும் பேசவில்லை. அவள் சொன்னது முற்றிலும் சரி. கம்பெனிகள் அனுப்பும் எஸ்.எம்.எஸ். வாசகங்களை டி.எல்.டி. என்ற தளத்தில் முன்பே பதிவு செய்ய வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த விதி. எங்களில் வேறு யாரும் அதை யோசிக்கவே இல்லை. அந்த 13 மட்டும் மேசைக்குக் கீழே போயிருந்தால் ஸ்பிரிண்டின் ஒன்பதாவது நாள் தெரிந்திருக்கும், ஒன்றும் செய்ய முடிந்திருக்காது.

அடுத்து நடந்ததையும் பார். நாங்கள் ஸ்டோரியை இரண்டாகப் பிரித்து இரண்டுக்கும் எண் சொன்னோம். பழைய வாசகத்தோடு பட்டன் ஒன்று, புது வாசகம் அப்ரூவல் வந்த பிறகு இன்னொன்று. எது இந்த ஸ்பிரிண்டில் வேண்டும் என்பதை பி.ஓ. சொன்னார்: பட்டன் உடனே, எச்சரிக்கை வரி அடுத்த முறை. யாரும் யார் கோட்டையும் தாண்டவில்லை. இருபது நிமிடம்தான் ஆனது.

இதிலிருந்து உனக்குச் சில விதிகள். கார்டுகள் ஒத்துப்போகாவிட்டால் அதிகம் காட்டியவரும் குறைவாகக் காட்டியவரும் மட்டும் பேசட்டும், நடுவில் இருப்பவர்கள் கேட்கட்டும். பிறகு மறுபடி கார்டு. மூன்று சுற்றுக்கு மேல் போகாதே. அதற்குள் ஒத்து வராவிட்டால் அந்த ஸ்டோரி இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். ஒருவருக்கு ஒரு நாள் கொடுத்து ஸ்பைக் போடு, அவர் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும். சராசரி எடுக்கவே எடுக்காதே. 3-க்கும் 13-க்கும் சராசரி 8. அந்த 8-ஐ யாருமே சொல்லவில்லை, அதற்கு யாரும் பொறுப்பேற்கவும் மாட்டார்கள். நேரில் இல்லாமல் கால் வழியாக நடந்தால் சாட்டில் எண்ணை டைப் செய்து வைத்துக்கொண்டு நீ “மூன்று” என்று எண்ணியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் அனுப்பச் சொல்.

பாயின்ட்டை அப்ரைசலுக்குக் கொண்டுபோகாதே

ஸ்டோரி பாயின்ட்டும், ஒரு ஸ்பிரிண்டில் டீம் முடிக்கும் பாயின்ட் கணக்கான வெலாசிட்டியும் ஸ்க்ரம் கைடிலேயே கிடையாது. அவை எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் பக்கமிருந்து வந்தவை. அந்த கிறைஸ்லர் ப்ராஜெக்டில் இருந்த ரான் ஜெஃப்ரீஸ், பாயின்ட்டைத் தானே கண்டுபிடித்திருக்கலாம், அப்படியானால் அதற்காக வருந்துவதாகப் பின்னாளில் எழுதினார். அவ்வளவு தவறாக அதைப் பயன்படுத்திவிட்டார்கள். “அந்த டீம் 45 போடுது, நீங்க ஏன் 30?” என்று யாராவது கேட்டால், இரண்டு டீமின் பாயின்ட்டும் ஒரே அளவுகோல் இல்லை என்று சொல். தனி ஆள் எத்தனை பாயின்ட் முடித்தார் என்ற பட்டியலை யார் கேட்டாலும் கொடுக்காதே. கொடுத்த மறுமாதமே 3 என்பது 5 ஆகும், 5 என்பது 8 ஆகும். பிறகு அந்த எண்ணை வைத்து எதையும் திட்டமிட முடியாது.

எவ்வளவு எடுக்கலாம்?

போன ஸ்பிரிண்டில் எவ்வளவு முடித்தோமோ அவ்வளவுதான் இந்த ஸ்பிரிண்டிலும் முடியும் என்று வைத்துக்கொள்வது எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் காலத்துப் பழைய விதி. ‘நேற்றைய வானிலை’ என்று அதற்குப் பெயர். நேற்றுப் போலத்தான் இன்றும் இருக்கும் என்று சொன்னால் பெரும்பாலும் சரியாக இருக்கும். நான் கடைசி மூன்று ஸ்பிரிண்டின் சராசரியைப் பார்ப்பேன். முழுசாக முடிந்தவற்றை மட்டும் எண்ணு. “90 சதவீதம் முடிஞ்சிருச்சு” என்பது பூஜ்யம்.

லீவை மறக்காதே. பொங்கல் ஸ்பிரிண்டை எடுத்துக்கொள். 6 பேர், 10 வேலை நாள், மொத்தம் 60 ஆள்-நாள். அதில் இரண்டு நாள் பொங்கல் விடுமுறை, 12 போச்சு. திருநெல்வேலிக்கும் காரைக்குடிக்கும் போகிறவர்கள் இரண்டு பேர் கூட இரண்டு நாள் எடுப்பார்கள், அதில் 4 போச்சு. மீதி 44. வழக்கமாக 30 பாயின்ட் முடிக்கிற டீம் என்றால் இந்த முறை 22. ப்ரொடக்‌ஷன் சப்போர்ட்டுக்கு ஒருவர் பாதி நாள் போவாரே, அதையும் கழிக்கணுமா என்று சித்தி மகள் கேட்டாள். நல்ல கேள்வி. வேண்டாம். எல்லா ஸ்பிரிண்டிலும் அது இருந்தது, அதைத் தாங்கிக்கொண்டுதான் அந்த 30 வந்தது. மறுபடி கழித்தால் இரண்டு தடவை கழித்தது போல ஆகிவிடும்.

எடுப்பது 22 என்றால் 22-லேயே நிறுத்து. “பசங்க பார்த்துப்பாங்க, 30 போடுங்க” என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை ஸ்கிரீனில் காட்டு. வாயால் வாதாடுவதைவிடக் கணக்கு சீக்கிரம் புரியும். ஊருக்குப் போய்ப் பொங்கல் பானை முன்னால் உட்கார்ந்து லேப்டாப் திறக்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், மனசு கேட்காது.

நேரத்தை இரண்டாகப் பிரி

ஒரு மாத ஸ்பிரிண்டுக்குப் பிளானிங் அதிகபட்சம் 8 மணி நேரம் என்கிறது கைடு. இரண்டு வார ஸ்பிரிண்டுக்கு நாலு மணி நேரத்தை எல்லையாக வைத்துக்கொள்ளலாம். ஸ்டோரிகளை முன்கூட்டியே பேசித் தெளிவாக்கும் க்ரூமிங் ஒழுங்காக நடந்திருந்தால் எங்களுக்கு இரண்டரை மணி நேரம் போதும். முதல் தடவையாக ஒரு ஸ்டோரியைப் பிளானிங்கில் பார்க்கிற நிலைமை வந்தால், அது அந்த ஸ்பிரிண்டுக்குத் தயார் இல்லை. அடுத்த க்ரூமிங்குக்குத் தள்ளிவிடு.

அமெரிக்க கிளையன்ட் என்றால் சாயங்காலம்தான் கால். நமக்கு மாலை 6:30 என்பது நியூயார்க் பக்கம் குளிர்காலத்தில் காலை 8, கோடையில் 9. மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றும் வாரம் காலெண்டரைச் சரிபார். மொத்தப் பிளானிங்கையும் அந்த நேரத்தில் வைத்தால் இரவு பத்து மணிக்கு முடியும். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டு வந்தவளும், கேப் போய்விடுமே என்று கடிகாரத்தைப் பார்க்கிறவளும் ஒன்பது மணிக்கு மேல் எந்த எண்ணுக்கும் சரி என்பார்கள். அப்படி வாங்கிய எஸ்டிமேட்டை நம்பி ஒரு ஸ்பிரிண்ட் ஓட்டாதே.

இரண்டாகப் பிரி. சாயங்காலம் ஒரு மணி நேரம் பி.ஓ.வோடு: இந்த ஸ்பிரிண்டின் இலக்கு என்ன, எந்த ஸ்டோரி எந்த வரிசையில், சந்தேகம் என்ன. மறுநாள் காலை பத்து மணிக்கு டீம் மட்டும்: வேலையை ஒரு நாள் அல்லது அதற்கும் குறைவான துண்டுகளாகப் பிரிப்பது, யாரை எது காத்திருக்க வைக்கும் என்று பார்ப்பது. இந்த இரண்டாவது பாதி தமிழில் நடக்கட்டும். தமிழ் தெரியாதவர் டீமில் இருந்தால் அவருக்கும் புரிகிற மாதிரி கலந்து பேசுங்கள், அவரை விட்டுவிட்டுப் பேசக் கூடாது. ஆனால் இங்கிலீஷ் சரளமாக வராது என்பதற்காக யாருடைய 13-ம் மேசைக்குக் கீழே போகக் கூடாது. டீம் தந்த கேள்விகளோடு அன்று சாயங்காலம் பி.ஓ.வோடு கால் மணி நேரம் பேசி முடித்துவிடு.

இலக்கு ஒரே வாக்கியம்

12 ஸ்டோரிகளின் பட்டியல் இலக்கு ஆகாது. “வாடிக்கையாளர் கிளைக்கு வராமலே தன் முகவரியை மாற்றிக்கொள்ள முடிய வேண்டும்.” இது இலக்கு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எட்டாவது நாள் ஏதாவது ஒன்றை விட்டுவிட வேண்டிய நிலைமை வரும். இலக்கு இருந்தால் எதை விடலாம் என்று டீமுக்கே தெரியும். இல்லாவிட்டால் எல்லோரும் தங்கள் ஸ்டோரியைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள்.

‘கமிட்மென்ட்’ என்ற வார்த்தையிலும் கவனம் வேண்டும். எடுத்த ஸ்டோரி எல்லாவற்றுக்கும் டீம் சத்தியம் செய்வது போலப் பலர் பேசுவார்கள். ஸ்க்ரம் கைடின் 2011 திருத்தத்திலேயே ஸ்டோரிப் பட்டியலைப் பொறுத்தவரை அந்த வார்த்தையை எடுத்துவிட்டு ‘ஃபோர்காஸ்ட்’ என்று மாற்றிவிட்டார்கள். டீம் கட்டுப்படுவது ஸ்பிரிண்ட் இலக்குக்கு. எத்தனை ஸ்டோரி முடியும் என்பது கணிப்பு. கிளையன்ட் காலில் நீயும் அப்படியே சொல்லிப் பழகு.

புதன்கிழமை “அர்ஜென்ட்” என்று ஒரு மெயில் வரும், கண்டிப்பாக வரும். முடியாது என்று சொல்லாதே, சரி என்றும் சொல்லாதே. அந்த வேலைக்கு டீமிடம் எண் வாங்கு. பிறகு பி.ஓ.விடம், “இது 5 பாயின்ட். உள்ளே எடுக்கலாம். இதே அளவுக்கு எதை வெளியே எடுக்கட்டும்?” என்று கேள். பாதித் தடவை “அடுத்த ஸ்பிரிண்டில் வைத்துக்கொள்ளலாம்” என்று அவரே சொல்லிவிடுவார். இலக்கே அர்த்தமில்லாமல் போய்விட்டால் ஸ்பிரிண்டை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு மட்டும்தான் உண்டு. மேனேஜருக்கும் இல்லை, உனக்கும் இல்லை.

டெஃபனிஷன் ஆஃப் டன் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கோட் ரிவ்யூ, டெஸ்டிங், எந்தச் சூழலில் ஓடிக் காட்ட வேண்டும் என்பதை எழுதி எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் வை. டெஸ்டரைக் கேட்காமல் அதை எழுதாதே.

உன் அடுத்த ஸ்பிரிண்ட் திங்கட்கிழமை தொடங்குகிறது என்றால் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் பி.ஓ.வுக்கு ஒரு மெயில் அனுப்பு. இந்த ஸ்பிரிண்டின் இலக்கு என்ன, முதல் ஐந்து ஸ்டோரிகள் எந்த வரிசையில், சந்தேகம் வந்தால் யார் சொல்வது முடிவு என்று கேள். மூன்றுக்கும் பதில் வந்த பிறகு பிளானிங்குக்கு நேரம் குறி. வரவில்லை என்றால் தயங்காமல் போன் போட்டுக் கேட்டுவிடு தங்கச்சி.